எந்தப் பால் என்று யாரும் கேட்கவில்லை

தாராவியில் எங்கள் சந்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி "பால் வருதா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை பெற்றவளுக்கு மாரில் பால் ஊறுகிறதா என்பது. பதிலும் ஒன்றுதான்: "ஏதோ வருது." நிறைய வருகிறது என்றால் கண் பட்டுவிடும். வரவில்லை என்றால் நீ என்ன தாய் என்று ஆகிவிடும். அதனால் பொங்கி வழிகிறவளும் வற்றிப்போனவளும் அதையே சொல்வோம்.

நான் வற்றிப்போனவள். அறுபதுகளில் ஒரு கோடையில் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது எனக்குப் பால் நின்றுவிட்டது. மகள் அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தாள். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்றது. சீனித் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் என்று யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஊட்டினேன். யாரும் என்றால் மதினிதான். என் வீட்டுக்காரரின் அக்கா. கைப்பிள்ளை காய்ச்சலில் போயிற்று என்பாள். புருஷனும் போனபிறகு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு அந்த ஒரே அறையில் இருந்தாள். பிள்ளையை வளர்க்கத் துப்பில்லாதவள் என்று ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டுவிடுவாள் என்று எனக்குப் பயம். அவள் பக்கத்தில் வந்தாலே பிள்ளையை மாரில் போட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொள்வேன். பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு அழும். வயிற்று வலி என்பேன்.

வீட்டுக்காரர் குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் பால் வாங்கியிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் பம்பாயில் பால் வாங்கியதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இலவசப் பால் சென்டர் ஒன்று நடந்தது. பால்பவுடரைக் கரைத்துக் காய்ச்சி, கேன்களில் ஏற்றி, கைக்குழந்தைக்காரிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சந்து சந்தாகக் கொண்டுபோய் ஊற்றுவார்கள். எங்கள் சந்துக்கு வருவதற்குள் கேன் காலியாகிவிடும். பால் எதுவரை போய்ச் சேருகிறது, யாருக்குச் சேரவில்லை என்று கணக்கெடுக்க ஒருநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மராத்திக்கார அம்மாள். மற்றவள் அவருக்காகத் தமிழில் கேட்டுச் சொல்ல மாதுங்காவிலிருந்து வந்த பெண். கல்யாணமாகாதவள், கஞ்சி போட்ட புடவை. எதற்காக வந்திருக்கிறோம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மாள் இந்தியில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"பால் வரதா?"

என் முதுகுக்குப் பின்னால் மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ வருது."

"கொழந்தைக்குப் போறுமா இருக்கா?"

"போதும்மா."

"கார்த்தாலயா, சாயங்காலமா?"

கல்யாணமாகாத பெண் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு நேரமும் வருது" என்றேன். எழுதிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். அவள் பிள்ளை என் பிள்ளையைவிட நோஞ்சான்.

கொஞ்ச நாளில் கூடுதலாக ஒரு வண்டி வந்தது. அது பக்கத்துச் சந்தோடு திரும்பிப் போய்விட்டது. அங்கே இருந்தவர்களிடம் அம்மாளே நேராக இந்தியில் கேட்டிருந்தார், அவர்களும் இந்தியிலேயே பதில் சொல்லியிருந்தார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு சென்டருக்கு ஓடினேன். ரோட்டைத் தாண்டும்போது, பிள்ளை கையில் இருக்கிறாளா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். அவ்வளவு லேசாகிவிட்டிருந்தாள். அதைப் போல ஒரு பயம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

சென்டரில் இருந்த ஆள் தாளைப் புரட்டினான். "தோ டைம் மில்த்தா ஹை நா, பாயி" என்றான். உங்கள் சந்துக்குத்தான் இரண்டு வேளையும் கிடைக்கிறதே என்கிறான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கோபம் வந்தால் எதிரே யார் என்று தெரியாது. உள்ளே உட்கார்ந்திருந்த மாதுங்காப் பெண்ணிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, அன்னைக்கு நீ எந்தப் பாலக் கேட்ட?"

"சென்டர் பாலத்தான். வேற எந்தப் பால்?"

மாரில் கையை வைத்துக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

மராத்தி அம்மாள் கெட்டவர் இல்லை. ஆனால் ஒருத்தி சொன்னதற்காகச் சந்து முழுவதையும் மாற்றி எழுத முடியாது என்றார். வீடு வீடாகத் திரும்பக் கேட்க வேண்டுமாம். அதிலும் கைக்குழந்தைக்குப் பால் வேண்டும் என்றால், தனக்குப் பால் இல்லை என்று தாய் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். இன்றைக்கு ஒரு தம்ளராவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். கேன்களைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு ஆத்துக்கே வந்து கேக்கறேன். எல்லார் முன்னாலயும் சொல்லுவேளா?" என்றாள் அந்தப் பெண்.

"சொல்லுதேன்" என்றேன். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் சொன்னபடி வந்தார்கள். சந்தே வாசலில் நின்றது. மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள்.

"ஒங்களுக்கு… ஒங்க மார்ல பால் வரதா?" கேட்கிறவளுக்கே குரல் எழும்பவில்லை.

"வரல. காய்ச்சலோட நின்னுட்டு. எம்புள்ள பட்டினி கெடக்கு."

அந்தப் பெண் அடுத்தடுத்த வாசலுக்குப் போனாள். என் கதியைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் பழைய பதிலையே சொன்னார்கள். சந்துக்கு வண்டி வரவில்லை. எனக்கு மட்டும் அன்றைக்கே ஒரு சொம்பு பால் வந்தது.

சங்கில் ஊற்றிப் புகட்டினேன். பிள்ளை விழுங்கவில்லை. பால் கடைவாய் வழியாக வெளியே வந்தது. திரும்ப ஊற்றினேன், திரும்ப வந்தது. போய்விட்டாள் என்றே நினைத்து அலறினேன். மதினி பிள்ளையைப் பிடுங்கி மடியில் கிடத்தி, துணியைப் பாலில் நனைத்து நாக்கில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அந்தச் சின்னத் தொண்டை ஒருதரம் அசைந்தது. பிறகு இன்னொரு தரம்.

"ஏளா, எங்கிட்டச் சொல்லப்படாதா?" என்றாள் மதினி, தலை நிமிராமலே. "ஊர்ல எம்புள்ள காய்ச்சல்ல போவல. எனக்கும் வத்திட்டு. மாமியாளுக்குப் பயந்து வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

பிள்ளை தூங்கியபிறகு மீதிப் பாலை எடுத்துக்கொண்டு மதினி எதிர்வீட்டுக்குப் போனாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் போனேன். "புள்ளைக்குக் குடு ஆத்தா" என்று சொம்பை நீட்டினாள். எதிர்வீட்டுக்காரி அதைத் தொடவில்லை. "எம்புள்ளைக்கு எதுக்குக்கா?" என்று சொல்லி, நாங்கள் பார்க்க வேண்டுமென்றே பிள்ளையை எடுத்து மாரில் போட்டு முந்தானையால் மூடினாள். உள்ளே அந்தப் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் சப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் வாசலிலேயே நின்றோம். அவள் எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, சொம்பை வாங்கவும் இல்லை.