கேட்டு எழுதும் வேலை

பதினான்கு வருடமாக நான் செய்வது கேட்டு எழுதும் வேலை. அமெரிக்காவில் இதய டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு போனில் கடகடவென்று ஒப்பிப்பதை, காஞ்சிபுரத்தில் மாடி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ரிப்போர்ட்டாக அடிக்கிறேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே முதலில் அடித்துக் கொடுத்துவிடுகிறது. அது உளறி வைத்ததைத் திருத்துவது என் பாடு.

அந்த டாக்டர்களில் ஒருவர் இருக்கிறார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றும். சாப்பிட்டுக்கொண்டே பேசுவார், நடுவில் கொட்டாவி விடுவார், லிஃப்டில் ஏறிப் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவார். எங்கள் கம்பெனியில் வேறு யாரும் அவர் ஃபைலைத் தொட மாட்டார்கள். எல்லாம் என் தலையில்தான். வேகத்தைக் குறைத்து, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து மிதித்து, ஒரே இடத்தை இருபது தடவை பின்னால் ஓட்டிக் கேட்பேன். அதே நோயாளிக்கு முன்பு என்ன எழுதியிருக்கிறார் என்று பழைய ரிப்போர்ட்டுகளில் தேடுவேன். அப்போதும் விளங்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து அனுப்ப வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. மருந்தின் அளவை ஊகித்தால் எங்கோ ஒருவர் செத்துப்போவார். நான் ஒரு தடவைகூட ஊகித்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

கீழ் வீட்டில் அக்காவும் அவள் கணவரும். மாமா ஓரிக்கைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா பட்டுக்கடையில் சேல்ஸ். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது சண்டை போடாத ஒரே ஆளும் அவள்தான்.

போன வைகாசியில் முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. கடையில் அவளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. ஒரு காலை அக்கா படியேறி வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த டாக்டரின் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை நகர்த்தினேன்.

"என்னன்னே தெரியலமா, படி ஏறினா மூச்சு வாங்குது. ரெண்டு நாளா தாடை வேற ஒரு மாதிரி இருக்குது."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"வேர்க்குதா? இடது கை இழுக்குதா?"

"வேர்க்கல. கை ரெண்டுமே வலிக்குது. நாளெல்லாம் புடவைய பிரிச்சு பிரிச்சு மடிச்சிக்கினு இருந்தா வலிக்காதா?"

ரிப்போர்ட்டுகளில் இதற்கு ஒரு வழக்கமான வரி உண்டு. நெஞ்சு வலி இல்லை என்கிறார், வேர்வை இல்லை என்கிறார். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அதை அடிப்பேன். அக்காவிடம் நான் கேட்டதும் அந்த வரியைத்தான். அவள் பதில் அதில் பொருந்திவிட்டது, என் வேலை முடிந்துவிட்டது.

"கேஸா இருக்கும்க்கா. இஞ்சி தட்டி போட்டு குடி. சீசன் முடியட்டும், ஒரு எக்கோ எடுத்துரலாம்."

"மாமாகிட்ட சொல்லிடாத. வண்டிய நிறுத்திட்டு என் பக்கத்துலயே உக்காந்துக்கும்" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். நான் ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டேன்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகத்தான் வரும் என்றில்லை. தாடையில் வரும், மூச்சில் வரும், வெறும் அசதியாகக்கூட வரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ பேருக்கு இதே விரல்களால் அடித்திருக்கிறேன். அக்கா சொன்னதை யாரோ ஒரு வெள்ளைக்காரி சொல்லி, அதை அந்த டாக்டர் என் காதில் முணுமுணுத்திருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். சொன்னது என் அக்கா. அதனால் அரைக் காதால் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, கடைக்குக் கிளம்பப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. மாமாவின் ஆட்டோவிலேயே ஏற்றினோம். கருட சேவைக்காக ரோட்டை மறித்திருந்தார்கள். சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எமர்ஜென்சியில் இருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பெண். ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"எப்போலேந்து இருக்குது? இதுக்கு முன்னாடி மூச்சு வாங்குது, கை வலி, தாடை வலின்னு ஏதாவது சொன்னாங்களா?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அவள் வாயில் இருந்தன. மாமா என் முகத்தைப் பார்த்தார். இதயம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் எனக்குத் தெரியும் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை. அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

"இல்ல மேடம், இன்னிக்கு காலைலேந்துதான்" என்றேன்.

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சென்னைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அது வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் ஒன்றும் மாறியிருக்காது. எல்லாவற்றையும் ஈசிஜியே காட்டிவிட்டது. அவளைக் கொன்றது என் பொய் அல்ல, அதற்கு முந்தைய பன்னிரண்டு நாட்கள். பொய் சொல்லி நான் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

மாமா இப்போதும் ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் நான்தான் சமைக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் காலையில்தான் வந்தது, அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்று அவர் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஆறு மாதம் கழித்து, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி நிறுத்திவிட்டார்.

"இவ்ளோ தூரம் வந்திருக்குது, முன்னாடியே எதுனா இருந்திருக்கும் இல்லமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கிக்கினு ஓடியிருப்பேன். நான் இல்லன்னாலும் உன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அழுத்தக்காரி. வாயே திறக்காம போயிட்டா."

செத்தவள்மீது அவருக்கு வந்த முதல் கோபம் அது. அக்கா வாய் திறந்தாள். மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, என் பக்கத்தில் நின்று சொன்னாள். நான் அவர் தட்டில் ரசம் ஊற்றினேன்.