எதிருரையில் நான் அடித்த வரி

சாவுச் செய்தி வந்தபோது உத்திரமேரூர் கோர்ட்டில் ஒரு வாய்தாவுக்காகக் காத்திருந்தேன். "மிலிட்டரி பூட்டாரு சார்" என்றார் குமாஸ்தா. வக்கீல் ஏழுமலையை நாங்கள் எல்லோரும் மிலிட்டரி என்றுதான் சொல்வோம். அழுகை வரவில்லை. என் கேஸைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் வாய்தா வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் கதை தெரியும். அவரை எதிர்த்து வழக்காடிய வக்கீல் நான் சொன்னால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும் என்பதால் எழுதுகிறேன். இருவரும் ஒரே ஊர். அவர் காலனி, நான் ஊர்த்தெரு.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். அப்பா இறந்து லீவில் வந்தபோது, பாடையை ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. நட்ட கழனியில் இறங்கி வரப்பு மேல் தூக்கிப் போனார்கள். நடுவழியில் இவருக்குக் கால் வழுக்கிப் பாடை சரிந்தது. எல்லையைக் காத்தவனுக்குச் சொந்தத் தெருவில் இடமில்லை என்று நான் இன்று சுலபமாக எழுதிவிடுவேன். அவர் அப்படிப் பேசியதே இல்லை. "எங்கப்பாவ சேத்துல போட்டுட்டேன்" என்பார், அவ்வளவுதான். பட்டாளத்திலேயே பட்டம் முடித்திருந்ததால், ஓய்வு பெற்றதும் மகன் வயதுப் பிள்ளைகளோடு சட்டக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார்.

வக்கீலானதும் காலனிக்காரர்களுக்காக அந்தத் தெருவைக் கேட்டு வழக்குப் போட்டார். ஊர்க்காரர்கள் என்னிடம் வந்தார்கள். அவர்கள் தரப்புப் பதிலாக நான் தயாரித்த எதிருரையில், 'வாதிகளுக்கு வசதியான மாற்றுப் பாதை நெடுங்காலமாக உள்ளது' என்று ஒரு வரி இருந்தது. பழைய வழக்குக் கட்டு ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டது. எங்கள் தொழிலில் இந்தச் சோம்பல் எல்லோருக்கும் உண்டு, அவரைத் தவிர. எந்த வழக்கானாலும் இடத்தைக் காலால் நடந்து அளந்த பிறகுதான் அவர் பேனாவைத் திறப்பார்.

எதிருரையைப் படித்துவிட்டுக் கோர்ட் வாசலில் என்னிடம் வந்தார். கோபமாகத் தெரியவில்லை.

"சார், அந்த வயில ஒருவாட்டினா நடந்துகீறீங்களா?"

"இல்ல."

"நடக்காத எடத்தப் பத்தி எயுதக் கூடாது சார். வாங்க, போலாம். கைய வீசிக்கினு வந்தா போதும். பாட தூக்கிக்கினு வரச் சொல்லல."

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். பாதி வரப்பில் முட்டி வரைக்கும் சேற்றில் இறங்கினேன். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"இந்த எடந்தான் சார்" என்றார்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

திருத்திய எதிருரையில் அந்த வரியை அடித்துவிட்டேன். ஊரில் என்னைத் துரோகி என்றார்கள். மற்றதையெல்லாம் விடாமல் வாதாடினேன், தோற்றேன். தீர்ப்பன்று அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

சாவுச் செய்தி வந்த மறுநாள் அவரை ஊர்த்தெரு வழியாகவே கொண்டுவந்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தியிருந்தார்கள். நான் திறந்து வைத்து வாசற்படியில் நின்றேன். என் வீட்டெதிரே தோள் மாற்றுவதற்காகச் சற்று நின்றார்கள். அவர் மகன் என்னைப் பார்த்தான். இறங்கிப் போய்த் தோள் கொடுத்திருக்கலாம். பாடை நகர்ந்து போகும் வரை நின்ற இடத்திலேயே நின்றேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் இடத்தை நடந்து பார்க்காமல் நான் ஒரு வரி எழுதுவதில்லை. அது அவர் கொடுத்தது. வாசற்படியிலிருந்து தெருவுக்குப் பத்தடி இருக்கும். அதை மட்டும் நடக்காமலே எழுதியிருக்கிறேன்.