கிரைண்டர் பிளக்

நாகஜோதி அக்கா யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். சாமி படத்தைத் தேடுகிறார் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் தேடுவது பெரிய பிளக் பாயின்ட்டை. பேட்டரி லோடு ஆட்டோ வாங்கியதிலிருந்து இத்தனை வருடமாக இந்தப் பார்வை மாறவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து நான் வேலைக்குச் சேர்ந்த பனியன் கம்பெனியில்தான் அவருக்கும் ஓட்டம். வெட்டிய துணிக் கட்டுகளைத் தையல் யூனிட்டுகளில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

போன ஐப்பசியில் மங்கலம் தாண்டி ஒரு யூனிட்டுக்கு அவசர லோடு. சாம்பிளோடு நானும் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போதே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரலைன்னா இனி டீசல் வண்டிக்கே ஓட்டத்தக் குடுத்துருவேங்க்கா. கோவிச்சுக்காதீங்க."

சார்ஜ் குறைவுதான். மங்கலத்தில் பொது சார்ஜிங் பாயின்ட் இருக்கிறதே என்று ஒரு தைரியம். போய்ப் பார்த்தால் சிவப்பு விளக்கு. என் போனில் இருந்த ஆப் மட்டும் 'தயார்' என்று பச்சையாகச் சிரித்தது.

நான் அங்கேயே நின்று புகார் எழுத ஆரம்பித்தேன். படித்தவளுக்கு முதலில் தோன்றுவது அதுதானா, தெரியவில்லை. அக்கா அதற்குள் எதிரே இருந்த தறிக்குடோனுக்குள் போய்விட்டார்.

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் கரண்ட் குடுங்க. இல்லைன்னா என் பொழப்பு போயிரும்."

தறிக்காரர் சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சியா? ஏனுங்க, நானென்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்?"

அக்காவின் ஊரில் அது மரியாதைச் சொல். திருப்பூர்ப் பக்கம் அண்ணாச்சி என்றால் தெற்கிலிருந்து வந்த மளிகைக் கடைக்காரர். அக்கா விடவில்லை. "கடை இல்லைன்னா என்ன, மனசு இருக்குல்லா?"

அவர் சிரித்துவிட்டார். "இது தறிக்குன்னு சலுகையில குடுத்த கரண்டுங்க. வண்டிக்குப் போட்டாத் தப்பு. பின்னால ஊட்டுக்கு வாங்க."

வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான். அதில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ராமாயி பாதி அரைபட்ட மாவோடு கிரைண்டரை நிறுத்தி, வயரைப் பிடுங்கினார். "மாவு எங்கீங்க போகப்போகுது? கொண்டாங்க உங்க வயர."

வண்டி சார்ஜ் ஏறும்போது ராமாயி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். "பொம்பளைக்கு வருமாங்க இது?"

"என்ன மதினி இப்படிக் கேக்கிய? நான் என்ன ஆம்பளையா?"

"அம்மிணி, பழக்கி உட்றாதீங்க," என்றார் சென்னியப்பன் அக்காவிடம். "அப்புறம் ஊட்டுல சோறு ஆரு ஆக்கறது?"

"நீங்கதான்," என்றார் ராமாயி, ஹேண்டிலை விடாமல்.

அக்கா நீட்டிய காசை ராமாயி தொடவில்லை. "எனக்கு இத ஓட்டப் பழக்கி உடுங்க, போதும்." அக்கா கையடித்துச் சத்தியம் செய்தார்.

லோடு நேரத்துக்குச் சேர்ந்தது. ஓட்டமும் கைவிட்டுப் போகவில்லை. என் புகாருக்கு, 'சரிசெய்யப்பட்டது' என்று ஆப்பில் பதில்கூட வந்துவிட்டது.

பாடம் மட்டும் இன்னும் தொடங்கவில்லை. இருக்கிற சார்ஜ் மங்கலம் போய்த் திரும்பத்தான் சரியாக இருக்கிறது. பழகுகிறவர் நாலு சுற்றுச் சுற்ற மிச்சமில்லை. மறுபடி கிரைண்டரை நிறுத்தச் சொல்ல அக்காவுக்கு மனமும் இல்லை. ராமாயிதான் ரோட்டுக்கு வந்து சார்ஜிங் பாயின்ட் விளக்கைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார்.

"இன்னைக்கும் செவப்புதானுங்க."

"நாளைக்குப் பாப்போம் மதினி," என்கிறார் அக்கா. "நான் மறக்கல."