ஐந்து மணித் தண்ணீர்

குவைத்தில் எனக்குச் சோறு போட்டது பச்சை நிறம். இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் ஒரு கால்பந்து கிளப்பின் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது என் டூட்டி. புல் வெட்டுவேன், கோடு போடுவேன், தண்ணீர் விடுவேன். மண் நிறத்தில் வானம், மண் நிறத்தில் சுவர், மண் நிறத்தில் காற்று. நடுவில் என் நீள்சதுரம் மட்டும் இப்போதுதான் கண் விழித்ததுபோலக் கிடக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். அவ்வளவு தண்ணீரையும் புல்லுக்குக் கொடுக்க முதல் வருடம் கை கூசியது. இரண்டாம் வருடம் பழகியது. மூன்றாம் வருடம் புல் வாடினால் எனக்கு நா வறண்டது.

பயிற்சி எப்போதும் சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான். மேட்ச்சும் அப்படியே. அதனால் மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் தானே திறக்கும்படி டைமரில் வைத்திருந்தேன். மண்ணுக்குள் புதைந்திருக்கும் குழாய்த் தலைகள் ஒரே மூச்சில் எழும்பிச் சுற்றும். இருபது நிமிடம். பிறகு அடங்கி உள்ளே போய்விடும்.

எந்தக் காகிதத்திலும் எழுதாத வேலை ஒன்றும் எனக்கு இருந்தது. கோச்சை வேலையை விட்டு அனுப்பினால் அவர் அறையைக் காலி செய்து, சாமான்களைப் பெட்டியில் கட்டி, வீட்டில் சேர்ப்பது. கிளப்பை நடத்தும் முதீர், அந்த ஊர் அரபி, வாசலில் நின்று விரலைச் சொடுக்குவார். “யல்லா, கர்த்தூன்!” யல்லா என்றால் சீக்கிரம், கர்த்தூன் என்றால் அட்டைப்பெட்டி. மளிகைக்கடையில் கேட்டு வாங்கிய கெட்டியான வாழைப்பழப் பெட்டி ஒன்று ஸ்டோர் மூலையில் எப்போதும் தயாராக இருக்கும். நான் சேர்ந்த நான்கு வருடத்தில் ஐந்து கோச்சுகள் போயிருந்தார்கள். ஒரு மனிதனின் விசில், பலகை, குடும்பப் படம், பாதி தீர்ந்த சென்ட் பாட்டில், எல்லாமே வாழைப்பழ வாசனையோடு வீடு திரும்பும்.

ஆறாவதாக வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். இடது முட்டி சரியாக மடங்காது. கழுத்து வெயிலில் இறால் மாதிரி சிவந்திருந்தது. முதல் நாளே ஸ்டோருக்குள் வந்தார், பெட்டியைப் பார்த்தார்.

“இது யாருக்கு?”

எனக்குச் சட்டென்று பொய் வரவில்லை. “உங்களுக்குத்தான் சார்.”

பெட்டியின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “நல்ல பெட்டி. போன ஊர்ல பிளாஸ்டிக் கவர்தான் கொடுத்தாங்க.” அவர் பேசியது அவருடைய இங்கிலீஷ், நான் பேசியது என்னுடையது. இரண்டையும் என் தமிழில் எழுதுகிறேன்.

ஜெர்சி துவைக்கும் புதுக்கோட்டைக்காரன் ஃபர்வானியா பகுதியில் என்னோடு ஒரே ரூம். அன்றிரவே ஆரம்பித்துவிட்டான். “அண்ணே, இந்த வெள்ளக்காரரு ரம்ஜானத் தாண்டமாட்டாரு.”

“நீ சாக்ஸத் தொவச்சா போதும்டா.”

“சாக்ஸு நாறுதுண்ணே. தோக்குற டீமு சாக்ஸே தனி நாத்தம்.”

கோச்சுக்கு ஒரு பழக்கம். ஐந்தரைக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரப்புல்லில் வெறுங்காலோடு மைதானத்தின் ஓரமாக நடப்பார். என்னையும் கூப்பிடுவார். எல்லைக்கோட்டைத் தொட்டபடி நடந்துகொண்டே தன் கதையைச் சொல்வார். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு காலம். அந்தப் பக்கத்தின் கதை தீரும்வரை, எத்தனை வாரமானாலும், அடுத்த பக்கத்தில் வாய் திறக்கமாட்டார்.

முதல் பக்கம் ஆட்டக்காரர். மீன் வாடையடிக்கும் துறைமுக ஊர். மழை நிற்கும் வரை காத்திருந்தால் ஆடவே முடியாத ஊர். சின்னச் சின்ன டீம்களில் இடது பக்கத் தடுப்பாளராக வருடக்கணக்கில் ஆடினாராம். ஒரு தடவை பெரிய டீம் கூப்பிட்டது. போனார். ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்தார். “நல்லா பார்க்கக் கத்துக்கிட்டேன்” என்றார், சிரித்துக்கொண்டு. பிறகு முட்டி போனது. இரண்டாம் பக்கம் துணைப் பயிற்சியாளர். கூம்பு அடுக்குவது, பந்து பொறுக்குவது, பெரிய கோச் சொன்னதைத் திருப்பிச் சொல்வது. மூன்றாம் பக்கம் மேனேஜர், அவர் ஊரில் பெரிய கோச்சுக்கு அதுதான் பெயர். ஜெயித்த கதைகளை அவசரமாகத் தாண்டிவிடுவார். வேலை போன கதைகளை மட்டும் நின்று, ருசித்துச் சொல்வார். மகளுடைய பள்ளி விழாவில் கைதட்டிக்கொண்டிருந்தபோது போனில் வேலை போனதாம். “கைதட்டுறத நிறுத்தல. பிள்ளை பாட்டு நல்லா இருந்துச்சு.”

நான்காம் பக்கம் வளைகுடா. அதில் மட்டும் பேசாமல் நடப்பார். “இங்க இன்னும் கோடு போடலையேப்பா” என்பார். நான் அன்று காலைதான் வெள்ளையடித்த கோடு அவர் கால்விரலில் ஒட்டியிருக்கும்.

ரம்ஜானைத் தாண்டிவிட்டார். ஆனால் டீம் தோற்றுக்கொண்டேயிருந்தது. கடைசி மேட்ச்சில் சமன் செய்தால் முதல் டிவிஷனில் நிற்கலாம். தோற்றால் கீழே. முதீர் என் காதுபடவே அவரிடம் சொன்னார்: “தோத்தா, கர்த்தூன்.” கோச் தலையாட்டினார். ஐந்து பேரின் சாமானை விசில் அடித்துக்கொண்டே கட்டியவன் நான். இந்த மனிதரின் நான்காம் பக்கத்தைக் கேட்காமல் பெட்டியின் மூடியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஒரு மேட்ச்சுக்கு மட்டும் நேரம் மாறியது. கடைசிச் சுற்று ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். வேறொரு மைதானத்தில் விளக்கு இல்லை. ஆகவே எல்லோருக்கும் அஸர் தொழுகை முடிந்து, மூன்றே முக்காலுக்கு. மதியமே கையால் தண்ணீர் விட்டேன். கோடுகளை இரண்டு தடவை வெள்ளையடித்தேன். புதுக்கோட்டைக்காரன் வாழைப்பழப் பெட்டியைத் துடைத்து வாசலருகே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “முறைக்காதீங்கண்ணே, முதீர்தான் எடுத்து வைக்கச் சொன்னாரு.” எல்லாம் ஞாபகம் இருந்தது. டைமர் ஞாபகம் இல்லை. எங்கள் நாள் பாங்குச் சத்தத்தில் ஓடியது. கடிகாரத்தை நான் பார்த்தே வெகுநாளாயிற்று.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். மதியம் விட்ட தண்ணீரைக் காற்று குடித்துவிட்டது. வறண்ட புல்லில் பந்து சோம்பேறியாக நின்று நின்று போனது. இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். கோச் பெஞ்சை விட்டு எழுந்து, கோட்டருகே கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

புல் சீறியது.

மைதானம் முழுக்கக் குழாய்த் தலைகள் எழும்பின. எதிர் டீம் கோல்கீப்பர் முகத்தில் நேராக ஒன்று. ஆட்டக்காரர்கள் துள்ளினார்கள், ரெஃபரி விசிலடித்தபடியே நனைந்தார். கூட்டம் கூரை கிழியக் கத்தியது. ஓடினேன், ஸ்டாண்டின் பின்னால் இருக்கும் வால்வு அறைக்கு. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தில் எந்தச் சாவியும் பூட்டுக்குள் போகமாட்டேன் என்றது.

“அதில்லண்ணே, செவப்பு நூலு கட்டுனது!” பின்னாலேயே ஓடிவந்த புதுக்கோட்டைக்காரன் கத்தினான்.

மூடிவிட்டுத் திரும்பி வந்தபோது, கோச் பையன்களை எல்லாம் தன்னைச் சுற்றி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். சத்தமில்லை. கையால் தரையைக் காட்டினார், புல்லில் உள்ளங்கையைத் தேய்த்து ஒருவன் கன்னத்தில் ஈரத்தைத் தடவினார். பையன் சிரித்தான். எதிர் டீம் துண்டு தேடிக்கொண்டிருந்தது.

ரெஃபரி மறுபடி தொடங்கினார். பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. சீசன் முழுக்க ஐந்து மணித் தண்ணீரில் பழகிய கால்கள் எங்கள் பையன்களுடையவை. தாழ்வாக, வேகமாக, யோசிக்காமல். எதிராளிகள் சறுக்கி விழுந்தார்கள். முடிய ஏழோ எட்டோ நிமிடம் இருக்கையில் பந்து கோல்கீப்பரின் கையில் பட்டு, நழுவி, உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது.

முதீர் நேராக என்னிடம் வந்தார். பின்னால் எதிர் டீம் ஆட்கள். “தண்ணீ யார் திறந்தது?”

நான் வாய் திறப்பதற்குள் கோச் என் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்தார், நல்ல பாரத்தோடு. “நான்தான் சொன்னேன். எங்க ஊர்ல மழை மேலேர்ந்து வரும். இங்க கீழேர்ந்து வருது. புகார் எழுதறதுன்னா என் பேர எழுதுங்க.”

“இல்ல, டைமர்...” என்றேன். பாதம் இன்னும் அழுத்தியது.

முதீர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. “கலாஸ்” என்றார், அதோடு முடிந்தது என்று அர்த்தம், போய்விட்டார். புகார் போனது. கோச்சுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஸ்கோர் மாறவில்லை.

மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். பெட்டியைக் காணோம். நனைந்த துண்டு, ஜெர்சி எல்லாவற்றையும் அதில் திணித்து, புதுக்கோட்டைக்காரன் துவைக்கும் அறைக்கு இழுத்துப் போயிருந்தான். அட்டை ஊறி, பிய்ந்து, கஞ்சியாகக் கிடந்தது.

“வேற கூடை இல்லண்ணே. திட்டாதீங்க, நாளைக்கு மளிகைக்கடையில கேட்டு இன்னொண்ணு வாங்கியாறேன்.”

“அவசரமில்ல,” என்றேன்.

ஐந்தரை மணி. தண்ணீர் நின்று புல் மினுங்கியது. கோச் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தபடி வந்தார். முதல் மூன்று பக்கத்தையும் வாய் பேசாமல் நடந்தார். முட்டி நேற்றைவிட மோசமாக இழுத்தது. மூன்றாவது மூலைக்கொடியைத் தாண்டி நான்காம் பக்கத்தில் கால் வைத்ததும் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு ஊரு,” என்றார். “அங்க ஒருத்தன் என் பெட்டிய நான் வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருந்தான்.”