தையலக்காவின் நன்றியுரை

ஒரு நாளில் தையலக்கா தனியாக இருப்பது பத்து நிமிடம்தான், அதுவும் குளியலறையில். தாழ்ப்பாளைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொள்வாள். அழ மாட்டாள், வேண்டிக்கொள்ள மாட்டாள். சும்மா இருப்பாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிற வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏழு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் மாமியார்கூடப் பொறுத்துக்கொள்வார்.

மற்ற நேரமெல்லாம் அவள் கூப்பிட்ட குரலுக்கு எட்டும் தூரத்தில்தான். தையல் மெஷின் மாமியார் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி. ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்து முடிப்பதற்குள் "புரட்டி விடு", "போர்வைய எடு", "வாசல்ல யாரு?" என்று மூன்று தடவை எழுந்தாக வேண்டும்.

வாரத்தில் ஒரு மாலை மட்டும் குடியிருப்புப் பெண்கள் சங்கத்துக்குப் போவாள். கணவர் அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நாத்தனார் வழியில் சேர்ந்துகொள்வாள்.

மாதம் ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது வந்து சங்கத்தில் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் நன்றியுரை. அது முறை வைத்து ஆளுக்கொரு தடவை வரும். வெறும் நன்றியைச் சொல்லிவிட்டு உட்கார முடியாது. பேச்சில் மனதில் பட்ட ஒரு விஷயத்தையாவது எடுத்துச் சொல்ல வேண்டும். பின்வரிசைத் தூக்கத்தைக் கலைக்கச் செயலாளர் செய்த ஏற்பாடு அது. அந்த மாதம் தையலக்காவின் முறை.

பேச வந்த பேராசிரியரம்மாவை அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஆராய்ச்சிக்கென்று வீட்டுக்கே வந்து, மாமியார் தூங்கும் நேரமாகப் பார்த்து மூன்று மத்தியானம் அவளோடு பேசிக்கொண்டிருந்தவர் இவர்தான். பெயர் வராது என்று சொல்லியிருந்தார். ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள்" என்று பேச்சு தொடங்கியது. நன்றாகத்தான் பேசினார். பாதியில், "ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்கன்னு வெச்சுக்குங்க" என்றார். பெயர் வரவில்லை, தையல் வரவில்லை. கவிழ்த்த வாளி வந்துவிட்டது. "குழாயத் திறந்துவிட்டு, சத்தம் வெளிய கேக்காம பத்து நிமிஷம் கதறி அழுவாங்க."

அறையே "உச்" கொட்டியது. நாத்தனாரும் கொட்டினாள். பிறகு தையலக்காவின் காதருகே குனிந்தாள்.

"ஏன் அண்ணி, நம்ம வீட்டுலகூட வாளி எப்பவும் கவுந்துதானே கெடக்கும்? வர்றப்பல்லாம் நான்தான் நிமுத்தி வைக்கிறேன்."

"பாசி பிடிக்கும்னு கவுத்து வைக்கிறதுதான். பேசாம கேளு."

எழுந்து போகலாம் என்றால் நன்றியுரைக்கு அவள் பெயர் பலகையில் எழுதியிருக்கிறது. கைதட்டல் ஓய்ந்தது. செயலாளர், "தையலக்கா, வாங்க. எதுக்கு இந்த வெட்கம்? மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்காங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மைக்கின் முன்னால் நின்றாள். நேரம் தவறாமல் வந்ததற்கு நன்றி சொன்னாள், தெளிவாகப் பேசியதற்குச் சொன்னாள். இனி அந்த ஒரு விஷயம். பேச்சில் எத்தனையோ இருந்தன, எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கதறலை அப்படியே விட முடியவில்லை. நாற்பது பேர் தனக்காகப் பரிதாபப்பட்டது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தம்மா அழுதிருக்க மாட்டாங்க" என்றாள். "மேடம் தப்பா நெனச்சிட்டாங்க. அழறதுக்கு எதுக்கு உள்ள போகணும்? வெங்காயம் நறுக்கும்போது அழுதுக்கலாமே. அவங்க சும்மா உக்காந்திருப்பாங்க. அவ்வளவுதான்."

சிலர் சிரித்தார்கள். பேராசிரியரம்மா தலைகுனிந்துகொண்டார். நாத்தனார் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது நாத்தனார் வேகமாக முன்னால் நடந்தாள். தன் வீட்டுத் திருப்பத்தில் மட்டும் நின்றாள்.

"எத்தனை நாளா அண்ணி?"

"என்ன எத்தனை நாளா?"

"சரி, விடுங்க. நான் அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்."

ஒருவேளை வாரத்தில் ஒரு நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று சொல்வாளோ என்று தையலக்கா நினைத்தாள். வீடு போய்ச் சேரும்வரை அந்த நினைப்பு இருந்தது.

கணவர் ஸ்க்ரூடிரைவரோடு குளியலறைக் கதவருகே குந்தியிருந்தார்.

"தங்கச்சி போன் பண்ணினா" என்றார், அவளைப் பார்க்காமல். "தாழ்ப்பாள் இருக்க வேணாம்ங்கறா. உள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்? நான் அழறதில்லைன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே."

"அதான் பயமா இருக்காம். அழுதாக்கூடப் பரவாயில்லைங்கறா."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் குரலில் உண்மையாகவே பயம் இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள்.

"என்னடா அங்க சத்தம்?" என்றார் மாமியார் உள்ளிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. தாழ்ப்பாள் ஆடிக்கிட்டு இருந்துச்சு."

மூன்று திருகாணிகள் வந்துவிட்டன. நான்காவது துருப்பிடித்து அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார், வழுக்கிக்கொண்டே போனது.

"மெஷின் எண்ணெய் இருக்கில்ல, கொஞ்சம் கொண்டா" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தாள்.