படுவான்கரையில் விட்டு வந்த இரண்டு பூனைகள்

உலக யுத்த காலம் அது. எந்த ஆண்டு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்டது, என் மூத்த மகள் தாயின் வயிற்றில் ஆறு மாதம். இவை இரண்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மட்டக்களப்பு வாவியை ஒட்டி, காத்தான்குடி எல்லையில் எங்கள் வீட்டு வளவு. வேலிதான் எல்லை. அந்தப் பக்கம் முஸ்லிம் ஆட்கள், இந்தப் பக்கம் நாங்கள். வேலிக்கு அடுத்தாற்போல் இருந்தவர் ஒரு நெசவுகாரர். அண்ணன், அக்கா முறையில் அவரைக் காக்கா என்றும் அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன். விடிந்தால் அவருடைய தறிச் சத்தத்தில்தான் நாங்கள் எழும்புவோம். நான் தோணி வைத்து வாவியில் மீன் பிடித்தேன். மாமனார் தந்த தோணி, ஒரு பக்கம் சரிந்தே போகும். அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இன்று முடியாது.

அரிசி தட்டுப்பாடானதால் எல்லோரும் வளவில் எதையாவது நட்டோம். எங்களுடையது வெறும் மணல், ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் கீழே போய்விடும். வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் இருந்து சேறும் சாணமும் தோணியில் ஏற்றி வந்து பாத்தி கட்டினேன். கத்தரி, வெண்டி, கீரை. ஒவ்வொரு கன்றுக்கு அடியிலும் மீன் குடல், மீன் தலை புதைத்தேன். மீன்பிடிகாரர் வீடுகளில் பசளை, உரம் எல்லாம் அதுதான். கத்தரி கறுகறுவென்று வரும்.

வந்தது. கூடவே காக்கா வீட்டுப் பூனை இரண்டும் வந்தன. ஒன்று சாம்பல் கடுவன், மற்றது மஞ்சள் பெட்டை. காலையில் போய்ப் பார்த்தால் கன்றுகள் வேர் மேலே தெரியக் கிடக்கும். பாத்தி முழுவதும் கிளறி, அசிங்கம் பண்ணி வைத்திருக்கும். ஒரு நாள் கீரை ஆயப்போன மனைவியின் கை அதற்குள் போய்விட்டது. அன்று முழுக்க வாந்தி. அதன்பிறகு அந்தப் பாத்திக் கீரையைக் கண்ணிலும் காட்டக் கூடாது என்றாள். மருத்துவிச்சியோ, பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் காணாது, கீரை கட்டாயம் தின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

முள் வெட்டிப் போட்டேன். முள்ளைச் சுற்றிக்கொண்டு வந்தன. அடுப்புச் சாம்பலைத் தூவினேன். அதில் இன்னும் வசதியாகப் போயின.

"பூனைக்கு நல்லாப் பாய் விரிச்சிருக்கிங்க," என்றாள் மனைவி. "ராத்தாக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்களன்."

"அவங்கட பூனை என்ன செய்யுதெண்டு அவங்களுக்குத் தெரியாதா? நான் என்னத்துக்குச் சொல்ற?" என்றேன். இளம் வயது, வீம்பு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், காக்கா பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, மீன் குடலைக் காட்டி இரண்டையும் சாக்குக்குள் பிடித்தேன். தோணியில் வைத்துப் படுவான்கரைக்குக் கொண்டுபோய் ஒரு சூடடிக்கும் களத்தில் அவிழ்த்து விட்டேன். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். மஞ்சள் பெட்டை கரையில் உட்கார்ந்து தோணி போவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு கிழமை கீரை தழைத்தது. பூனைகளை விட்டு வந்ததைச் சொன்னதும் மனைவியும் தின்றாள். பிறகு ஒரு நாள் விடிந்தும் தறிச் சத்தம் கேட்கவில்லை. ராத்தா வேலியருகே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, எங்கட பூனை ரெண்டையும் எங்கயும் கண்ட நீங்களா?"

"என்ன ராத்தா?"

"தறியில கட்டின பாவு நூலை எலி வெட்டிப் போட்டுது மனே. கஞ்சி போட்ட நூலெண்டா எலிக்குச் சோறு மாதிரி. அதுகள் ரெண்டும் தறிக்குழிக்குள்ள படுத்துக் கிடந்ததாலதான் இத்தின காலமும் தப்பினது. நீங்க தோணியில நாலு இடமும் போற ஆள். கண்டாச் சொல்லுங்க."

தறியில் இருந்தது அவர்களுடைய மகளின் கலியாணப் புடவைக்கான பாவு. யுத்தத்தில் நூல் கிடைப்பது குதிரைக் கொம்பு. மாதக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய நூல். வேறு இல்லை. நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

மனைவி வாசலில் நின்றாள். "போய்ச் சொல்லுங்க. அந்தக் கீரையைத் திண்ட வாயால ராத்தாவோட நான் எப்பிடிக் கதைக்கிற?"

போனேன். காக்கா தறிக்குழிக்குள் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"எத்தின நாள்?"

"ரெண்டு கிழமை, காக்கா."

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் கட்டி வெச்சிருப்பனே." கையில் இருந்த இழையை முடிந்து வைத்தார். பிறகு எழும்பினார். "தோணி கிடக்கா? வா போவம்."

 வழி முழுக்க, அவர் ஏசினால் நல்லது என்று இருந்தது எனக்கு. படுவான்கரையில் பொழுது சாயும் வரை தேடினோம். வயல் காவலுக்குக் கட்டிய வாடி ஒன்றில் மஞ்சள் பெட்டை அகப்பட்டது. அவர் குரல் கேட்டதும் ஓடி வந்தது. கடுவன் கிடைக்கவில்லை. இன்னும் மூன்று தரம் போய்ப் பார்த்தேன். கிடைக்கவே இல்லை.

அடுத்த நாள் காக்கா என் வளவுக்கு வந்தார். பாத்தியைக் கால் விரலால் கிண்டினார், மீன் தலை ஒன்று வெளியே வந்தது. அப்போதுதான் சிரித்தார்.

"அடப்பாவி, விருந்து வெச்சுப் போட்டு, தின்ன வந்தவனைச் சாக்குக்குள்ள கட்டுறியா?"

மீன் கழிவை எல்லாம் தூரத்துத் தென்னை அடியில் ஆழமாகப் புதைக்கச் சொன்னார். வளவு மூலையில் பூனை ஒதுங்கக் காய்ந்த மணல் கொஞ்சம் குவித்து வைத்தோம். பாத்தி மேல் என் கிழிந்த வலையை விரித்தோம். சிக்கும் இடத்தில் பூனை கால் வைக்காது. மஞ்சள் பெட்டை மணலுக்குப் போகப் பழகிவிட்டது.

அறுந்த பாவு இழைகளை முடிந்து கொடுக்க நானும் மனைவியும் நாலு நாள் போய் இருந்தோம். வலை முடிந்து பழகிய என் கைக்குப் பெரிய பெரிய முடிச்சாக விழுந்தது. "இந்தப் புடவையால மீனா பிடிக்கப் போறம்?" என்று காக்கா என் முடிச்சுகளை அவிழ்த்துத் திரும்ப முடிந்தார். புடவை நாள் தப்பாமல் தறியை விட்டு இறங்கியது.

கலியாணத்தன்று நான் வெளியே மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். காக்கா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய், நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்னும் சஹன் தட்டில், தன் பக்கத்திலேயே இருத்தினார். கூப்பன் அரிசியைச் சேர்த்துச் சேர்த்து ஆக்கிய சோறு. இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, சாகும்வரையும் சொல்லவில்லை. ஆனால் வேலிக்கு மேலால் ஒரு வார்த்தை கேட்க வீம்பு பிடித்த எனக்கு அந்தத் தட்டில் இடம் விட்டு அவர் நகர்ந்து உட்கார்ந்ததை நினைத்தால், இந்த வயதிலும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுகிறேன்.