டயர் வெடித்தாலும் தூங்கிய வர்தா

உல்மேஸ் என்ற மலையூரின் கடைத்தெருவில் என் தேநீர்க் கடைக்கு நேர் எதிரே ஹத்துவின் பஞ்சர் கடை. வாரத்தில் ஆறு நாள் டிராக்டர் டயர்களோடு மல்லுக்கட்டுவான். கௌதாரி வேட்டைக் காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடையில் பார்க்க முடியாது. அப்பா விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

வர்தா அவனிடம் வந்தது ஒரு ஜீப்பில். மெக்னெஸ் நகரப் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவர் டயர் மாற்ற வந்தார். பின்னால் வெள்ளையில் பழுப்புப் புள்ளி போட்ட பெட்டை நாய் சுருண்டு கிடந்தது. "மோப்பம் அபாரம். ஆனா சுட்டா ஓடிடுது. உனக்கு வேணும்னா வச்சுக்க" என்று இறக்கிவிட்டுப் போனார்.

ஹத்து அதை நம்பவில்லை. அந்த வாரமே லாரி டயர் ஒன்று வெடித்தது. என் கடைக் கண்ணாடிக் குவளைகள் குலுங்கின. வர்தா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது.

"பார்த்தியா? இதுவா பயந்தாங்கொள்ளி?" என்றான் என்னிடம்.

ஞாயிறன்று நானும் பை தூக்கிக்கொண்டு போனேன். புதர் முன்னால் வர்தா ஒரு காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, கல்லாகச் சமைந்து நின்ற அழகை நான் அதுவரை எந்த நாயிடமும் கண்டதில்லை. கௌதாரிகள் படபடவென்று எழும்பின. ஹத்து சுட்டான். பறவை விழுந்தது. நாயைக் காணோம். சாயங்காலம் வரை கூவிக் கூவித் தேடினோம். கடைசியில் அது பஞ்சர் கடை வாசலில் நின்ற லாரிக்கு அடியில் கிடந்தது.

கூட வேட்டைக்கு வரும் ராஹோவுக்குக் கொண்டாட்டம். "என்னப்பா ஹத்து, நாய் உனக்கு முன்னாடியே வீடு வந்து சேர்ந்துடுச்சாமே? பேசாம மரத்துல கட்டி, தலைக்கு மேல நாலு வேட்டு போடு. பழகிடும்."

ஹத்து அப்படியே செய்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் வர்தா லாரிக்கடியை விட்டு வெளியே வரவில்லை. ஈரல் துண்டு வைத்தாலும் முகர்ந்து பார்க்கவில்லை.

"டயர் வெடிச்சா தூங்குது, துப்பாக்கி வெடிச்சா ஓடுது. சத்தம் சத்தந்தானே? எனக்கு ஒண்ணும் புரியல" என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். புதினாத் தேநீர் ஆறிப்போனது. எனக்கும் புரியவில்லை.

லாரி கிளம்பியதும் நாயை வீட்டுக்குத் தூக்கிப் போனான். அவன் மனைவி இட்டோ அதை முற்றத்தோடு நிறுத்திவைத்தாள். அறைக்குள் விடமாட்டாள். ஆனால் சோறு வைப்பவள் அவள்தான். ஒருநாள் முற்றத்தில் ஹத்து துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மடித்திருந்த குழலை நிமிர்த்தி மூடினான். 'டக்' என்றது. சுவரோரம் படுத்திருந்த வர்தா படுத்த இடத்திலேயே சிறுநீர் விட்டு, வயிறு தரையில் உரச ஊர்ந்து போய் இட்டோவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தது.

"நான் சுடவே இல்லையே" என்றான் ஹத்து. திரும்பவும் திறந்து மூடினான். நாய் நடுங்கியது.

"போதும், வைங்க கீழ" என்றாள் இட்டோ. "அதுக்கு வெடி பயமில்ல. வெடிக்கப் போகுதுங்கறதுதான் பயம். எங்கப்பா அடிக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு இருமுவாரு. இன்னிக்கும் யாராவது வாசல்ல இருமினா எனக்கு வயித்தக் கலக்கும்."

ஹத்து ஆடிப்போய்விட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவனும் வாசலில் இருமிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறான். ஆண்பிள்ளை வருவது தெரியட்டும் என்று எல்லோரும் செய்வதுதான்.

"நான் உன்னை அடிச்சதே இல்லையே."

"அது எனக்குத் தெரியும். வயித்துக்குத் தெரியலையே."

மறுநாள் இருமாமல் போனான். அடுப்படியில் திரும்பிப் பார்த்த இட்டோ அலறி, சூப்புப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். "இப்படியா திருடன் மாதிரி வந்து நிப்பீங்க?"

"இருமினாலும் தப்பு, இருமலேன்னாலும் தப்பு. எங்க வீட்டுக்குள்ள நான் எப்படிப்பா போறது?" என்று என்னிடம் கேட்டான். இத்தனை வருஷமாகத் தன் வீட்டில் நடந்ததை வேறு யாரோ வீட்டுக் கதையாகக் கேட்டவன்போல் இருந்தது அவன் முகம். பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். தெருமுனையிலிருந்தே "வர்தா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான். நாய் குரைக்கும், இட்டோவுக்குத் தெரிந்துவிடும்.

நாய்க்கான வைத்தியம் மெதுவாகத்தான் நடந்தது. தோட்டா போடாத துப்பாக்கியைக் கம்பளிக்குள் சுற்றிவைத்துக் குழலை மூடுவான். சத்தம் அமுங்கிக் கேட்கும். அந்த நொடியில் இட்டோ ஈரல் துண்டைப் போடுவாள். சில நாள் தின்றது, சில நாள் ஓடியது. ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. கம்பளி ஒவ்வொரு மடிப்பாகக் குறைந்தது. வேட்டைக் காலம் முடிந்து, வாதுமை பூத்து, அறுப்பும் ஆனது. ஒருநாள் அவன் கதவுத் தாழ்ப்பாளை 'டக்'கென்று போட்ட சத்தத்துக்கே வர்தா எச்சில் வடியத் தட்டருகே போய் நின்றது.

அப்புறம் வெடி. ராஹோ தூரத்து மேட்டுக்கு அப்பால் நின்று சுடுவான். இங்கே வர்தா தின்னும். "என் தோட்டாவைத் தின்னே கொழுத்துட்டா மகராணி" என்று அவன் புலம்பினாலும் வாராவாரம் வந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தான். கடைசியில் வர்தாவின் காது மட்டும்தான் விறைத்தது, வாய் நிற்கவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் ஞாயிறு. புதர் முன்னால் வர்தா நின்றது. ஹத்து துப்பாக்கியை மூடினான். டக். நாய் அசையவில்லை. கௌதாரி எழும்பியது. ஹத்து நாயையே பார்த்துக்கொண்டு சுட்டான். குண்டு எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வர்தா ஓடியது, முன்னால். விழாத பறவையைத் தேடிப் புதர்புதராக நுழைந்தது. ரொம்ப நேரம் கழித்து வெறும் வாயோடு வந்து அவன் முன்னால் உட்கார்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து அவன் முகத்தைப் பார்த்தது.

"என்னைய ஏண்டி பார்க்கற? எனக்கும்தான் புரியல" என்றான் ஹத்து. பையிலிருந்து வாற்கோதுமை ரொட்டியைப் பிய்த்து, ஆலிவ் எண்ணெயில் தோய்த்து அதற்குக் கொடுத்தான். அன்று மத்தியானத்துக்குள் இரண்டு கௌதாரிகளை அது கவ்வி வந்து கொடுத்தது.